உப்புத்தாளில் தேய்ந்த பெயர்கள்

மகனுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்க இன்று மனம் வரவில்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய். போன சனிக்கிழமை உன் கல்லூரி மேடையில் டை கட்டிக்கொண்டு நின்றதைக் கண்ணால் பார்த்தேன். நானும் உன் அப்பாவும் காலை பஸ் ஏறிக் கோயம்புத்தூர் வந்து, அந்தப் பெரிய அரங்கத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். உனக்கு முதல் பரிசு என்று சொன்னபோது அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பட்டாளத்தில் இருந்தவர் அழுது நான் பார்த்தது குறைவு. நான் கைகூடத் தட்டவில்லை. திரும்பும் வழியெல்லாம் ஏன் பேசாமல் வருகிறாய் என்று கேட்டுக்கொண்டே வந்தார். தலைவலி என்று சொல்லிவிட்டேன். தலைவலி இல்லை, கோபம். ஒரு வாரத்தில் தணியும் என்று பார்த்தேன். தணியவில்லை. நேரில் ஆரம்பித்தால் பாதியிலேயே நீ ‘சரி விடும்மா’ என்பாய், நானும் விட்டுவிடுவேன். என் சுபாவம் உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். பாதியில் மடித்து வைக்காதே.

உன் கட்டுரை மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் பாகங்களுக்கு எந்தெந்த மொழியில் என்னென்ன விநோதப் பெயர் வந்தது என்று தேடி, இன்டர்நெட் கடையில் மணிக்கணக்காக உட்கார்ந்து உழைத்திருக்கிறாய். ரிலே என்பது வழியில் களைத்த குதிரையை மாற்றிக் கட்டும் பழக்கத்திலிருந்து வந்தது என்றாய். சோக் என்பது தொண்டையை நெரிப்பது, ஜெர்மன்காரர்களும் தங்கள் சொல்லில் அதே நெரிப்பைத்தான் வைத்திருக்கிறார்கள் என்றாய். வயரைக் கவ்வுகிற கிளிப்புக்கு ஊர் ஊராக முதலையின் பெயர். வெள்ளையாய்ச் சதுரம் சதுரமாய் இருக்கும் வயர் கனெக்டருக்குப் பிரான்சில் சர்க்கரைக்கட்டி. பல கால் கொண்ட ஐ.சி. சில்லுக்குச் செக் மொழியிலும் எபிரேயத்திலும் கரப்பான்பூச்சி. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு ‘என்ன கற்பனை, என்ன கூர்ந்த பார்வை’ என்று வியந்தாய். உன் பேராசிரியர் தலையாட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, நீ அந்தக் கடைசித் தாளை புரொஜெக்டரில் வைக்கும் வரைக்கும்.

அந்தத் தாளில் கொண்டை போட்ட ஒரு பெண்ணை வரைந்திருந்தாய். வாய் திறந்திருந்தது. தலைக்கு மேல் பெரிய கேள்விக்குறி. கீழே வரிசையாக பூரான், முக்காலி, மொட்டை, வடை, பல்லி. ‘எங்கள் ஊரில் ஸ்டெபிலைசர் கம்பெனிப் பெண்களுக்குப் பாகங்களின் பெயர் தெரியாது, பாவம், அதனால் வீட்டில் பார்த்த பூச்சி, பண்டங்களின் பெயரை வைத்துக்கொண்டார்கள்’ என்று இங்கிலீஷில் சொன்னாய். அரங்கம் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை நிறுத்தினாய். பிறகு பல்லியைச் சொன்னாய். மறுபடியும் சிரித்தது. எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள் என்று ஒத்திகை பார்த்திருக்கிறாய். வெளியே வந்ததும் என்னை உன் சிநேகிதர்களிடம் காட்டி, ‘இவங்கதான் எனக்குப் பேரெல்லாம் சொன்னது’ என்றாய். ஒரு பையன், ‘ஆன்ட்டி, ஒங்க பூரான் கடிக்குமா?’ என்று கேட்டான். நான் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

இதோடு போயிருந்தால் நானே விழுங்கிக்கொண்டிருப்பேன். திங்கட்கிழமை அப்பா சொன்னார், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இதே கட்டுரையைப் படிக்க உன்னை அடுத்த மாதம் கூப்பிட்டிருக்கிறார்களாம். அங்கே இரண்டாம் வருடம் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற முத்துச்செல்வி யார் என்று உனக்குத் தெரியாது. சுந்தரபாண்டியத்துச் சுப்புத்தாயின் மகள். நீ தாளில் எழுதிய அத்தனை பெயரையும் வைத்தவள் அந்தச் சுப்புத்தாய். அந்தத் தாளை நீ மறுபடி வைத்தால், கேள்விக்குறிக்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது தன் தாய் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். கூடப் படிக்கிறவர்கள் சிரிக்கும்போது அவள் என்ன செய்ய வேண்டும், கூடச் சிரிக்கவா? உனக்கு அது ஒரு தாள். அவளுக்கு அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அந்த வகுப்பில் உட்கார வேண்டும்.

‘எனக்குத் தெரியாதே’ என்று சொல்லாதே. சுப்புத்தாய்க்கு ஒரு மகள் இருப்பது வேண்டுமானால் தெரியாமல் இருக்கலாம், மற்றதைத் தெரிந்துகொள்ள உனக்கு வாய்ப்பு இருந்தது. கட்டுரைக்காக நீ எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டபோது பெயர்களைச் சொன்னேன். உப்புத்தாளைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தேன். ‘அதெல்லாம் வேண்டாம்மா, பேரு மட்டும் சொல்லு, மீட்டர் ஓடுது’ என்றாய். பெயரை மட்டும் எடுத்துக்கொண்டாய். இப்போது மீட்டர் ஓடவில்லை, மிச்சத்தையும் கேள்.

நீ ஒன்றாம் வகுப்பில் இருந்தாய். அப்பாவுக்கு வடக்கே எல்லையில் வேலை. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பௌதிகத்தில் பட்டம் வாங்கிவிட்டு ராஜபாளையத்தில் வாடகை வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், ஸ்டெபிலைசரும் டி.வி. பூஸ்டரும் செய்கிற அந்தச் சின்னக் கம்பெனிக்குப் போய் நின்றேன். கொடைக்கானல் டவரிலிருந்து வருகிற படத்தைப் பிடிக்க அப்போது வீட்டுக்கு வீடு பூஸ்டர் வாங்கினார்கள். முதலாளி என் சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு, “பி.எஸ்ஸி.யா? எங்கிட்ட ஆபீஸ் வேல எதுவும் இல்லம்மா. மேசையில உக்காந்து பத்தவைக்கதுன்னா வா” என்றார். ஈயத்தை உருக்கிப் பாகங்களை ஒட்டுகிற வேலை. உட்கார்ந்தேன். புத்தகத்தில் டிரான்சிஸ்டர் என்றால் ஒரு வட்டமும் மூன்று கோடும். கையில் அன்றைக்குத்தான் முதன்முதலில் வாங்கினேன். எது எதுவென்று தெரியாமல், வெட்கத்தை விட்டு முதலாளியிடமே கேட்டேன், இதற்கெல்லாம் பெயர் என்ன என்று.

“பேரத் தெரிஞ்சு என்ன செய்யப் போற? சம்பந்தம் பேசப் போறியா?” என்றார்.

மேசை முழுக்கச் சிரித்தது. நான் குனிந்தவள் நிமிரவில்லை. அவர் நகர்ந்த பிறகு பக்கத்தில் இருந்த சுப்புத்தாய் முழங்கையால் இடித்து, ஒரு ஐ.சி.யை எடுத்து நீட்டினாள். அவளுக்கும் என் வயசுதான் இருக்கும், ஐந்தாவதோடு நின்றவள். “ஏட்டி, படிச்சவளே, அவிய கிட்டப் போயி எதுக்குக் கேக்க? இந்தா, இதப் பாரு. பக்கத்துக்கு ஏழு காலு. பூரான்னு சொல்லு, அதுவா வந்து நிக்கும்.” எதிரே இருந்த லட்சுமி வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். “எங்க வீட்டுல ஜெர்ரின்னுதான் சொல்வோம்” என்றாள். “ஆமா, ஒங்க வீட்டுப் பூரானுக்கு மட்டும் தனிப் பேராக்கும். கடிச்சா நீயும்தான் அய்யோங்க, நானும்தான் அய்யோங்கேன்” என்றாள் சுப்புத்தாய். பிறகு இருவரும் போட்டி போட்டுக்கொண்டு எனக்கு மற்றதைச் சொன்னார்கள். மூன்று கால் உள்ள டிரான்சிஸ்டர் முக்காலி. நடுவில் ஓட்டை உள்ள, கம்பி சுற்றுகிற ஃபெரைட் வளையம் வடை. தலை பளபளவென்று இருக்கும் பெரிய கண்டன்சர் மொட்டை. அதைத் திருப்பிப் பத்தவைத்தால் வெடிக்கும் என்பதால், “மொட்டை மொறைச்சுக்கிட்டா கூரை வரைக்கும் போவும், முதுகுக் கோட்டப் பாத்து வையி” என்று கூடவே ஒரு எச்சரிக்கை. கரண்ட் ஏறி இறங்கும்போது டக்கென்று சத்தம் போட்டு மாறுகிற ரிலேக்குப் பல்லி. செய்து முடித்த பெட்டியைச் சோதிக்கும்போது அந்தச் சத்தம் கேட்டால், “பல்லி சொல்லிருச்சு, அனுப்பலாம்” என்று முதலாளியின் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிப்பார்கள். உன் குதிரையைவிட இந்தப் பல்லி எந்த விதத்தில் மட்டம் என்று யோசித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், விளங்கவில்லை.

இப்போது உப்புத்தாள். காலையில் வந்ததும் எங்களுக்கு முதல் வேலை பத்தவைப்பது அல்ல, தேய்ப்பது. மேசையில் உப்புத்தாளை ஒட்டி வைத்திருக்கும். ஒவ்வொரு பூரானையும் கவிழ்த்துப் பிடித்து, முதுகில் அச்சடித்திருக்கும் எழுத்தும் நம்பரும் போகும்வரை தேய்க்க வேண்டும். முக்காலிக்கும் அப்படியே. கறுப்புத் தூள் மூக்கில் ஏறும். தும்மினால் கறுப்பாக வரும். விரல்நுனித் தோல் காகிதம் மாதிரி ஆகிவிடும். சாயங்காலம் நான் உன் கன்னத்தைத் தொட்டால் ‘சொரசொரங்குதும்மா’ என்று முகத்தைத் திருப்புவாயே, மறந்துவிட்டதா? தேய்த்ததை எல்லாம் முதலாளி தன் அறைக்கு எடுத்துப் போய், நகப்பாலிஷால் சிவப்பிலும் பச்சையிலும் ஒவ்வொரு பொட்டு வைத்துக் கொண்டுவருவார். சிவப்புப் பொட்டு இந்த இடத்துக்கு, பச்சை அந்த இடத்துக்கு. அதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியக் கூடாது. முன்பு அங்கே வேலை பார்த்த ஒருவர் விலகிப் போய் ஸ்ரீவில்லிபுத்தூரில் அதே மாதிரிப் பெட்டி செய்து விற்றாராம். அதிலிருந்து முதலாளிக்குப் பயம். “பிரிச்சுப் பாக்குதவனுக்கு ஒரு எழுத்து அகப்படக் கூடாது. ஒங்க வாயிலயும் ஒரு எழுத்து இருக்கக் கூடாது” என்பார்.

புரிகிறதா? பெயர் போட்டுத்தான் வந்தது. எங்கள் கையாலேயே அதை அழிக்க வைத்தார்கள். அழித்த பிறகு வேலை நடக்க வேண்டுமே, நாள் முழுக்க ‘அது, இது’ என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? அந்த வெறும் முதுகின் மேல் சுப்புத்தாய் ஒரு பெயர் வைத்தாள். நான் நம்பரைப் படித்துவிட்டுத்தான் தேய்ப்பேன். எனக்குப் பல நம்பர் மனப்பாடம். ஆனாலும் வாயைத் திறந்தால் எனக்கும் பூரான் என்றுதான் வரும். அந்த மேசையில் செல்லுபடியான பெயர் அதுதான்.

ஒரு நாள் முதலாளி கேட்டிருந்த கடனுக்காக பேங்க் அதிகாரி ஒருவர் இடத்தைப் பார்க்க வந்தார். மரியாதையான மனிதர்தான். சுப்புத்தாயின் பக்கத்தில் நின்று, “இது என்னம்மா?” என்று கேட்டார்.

“பூரான் சார்.”

அவர் சிரித்தார். “அது?”

“அது பல்லி.”

இன்னும் சிரித்தார். முதலாளியும் சேர்ந்து சிரித்துக்கொண்டே, “பாவம் சார், படிக்காததுக. பேரு தெரியாது. பூச்சி பொட்டு பேரா வச்சுக்கிட்டு வேல பாக்குதுக” என்றார்.

நீ மேடையில் சொன்னதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். ‘பாவம்’ என்ற சொல்கூட அதே இடத்தில் இருக்கிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு, என் வயிற்றில் பிறந்தவன் வாயிலிருந்து அந்த முதலாளி பேசியது கேட்டது. என் கோபம் இதுதான்.

சுப்புத்தாய் கையை நிறுத்தவில்லை. பத்தவைத்துக்கொண்டே சொன்னாள்: “பேரு போட்டுத்தான் சார் வருது. நாங்கதான் காலைல இருந்து உப்புத்தாள வச்சு அழிச்சுக்கிட்டு இருக்கோம். அழிக்கச் சொல்லிட்டு, பொறவு பேரு தெரியலேன்னு சிரிச்சா எப்படி?” அதிகாரியின் சிரிப்பு நின்றுவிட்டது. தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏன் சார், இதுல நம்பரே இல்ல?” என்று கேட்டார். முதலாளி காப்பி வாங்கிவர ஆள் அனுப்பினார். மறுநாள் காலையில் சுப்புத்தாயை கேட்டுக்குள் விடவில்லை. தூக்குவாளியோடு வெளியே நின்றவளிடம் வாட்ச்மேன் விஷயத்தைச் சொன்னான். “செத்த நேரம் நிக்கேன், லச்சுமி வரட்டும், எம் மூக்குக் கண்ணாடி மேசையில கெடக்கு” என்றாள். அதை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். லட்சுமி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, “இது பூரான், இது முக்காலி, இது மொட்டை, மொறைச்சா கூரை வரைக்கும் போவும்” என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொடுத்தாள். தன்னுடைய ஜெர்ரியை அவள் அன்றிலிருந்து விட்டுவிட்டாள். நாங்கள் எல்லோரும் வேண்டுமென்றே முதலாளி காதில் விழும்படி அந்தப் பெயர்களைச் சொன்னோம், சத்தமாகப் பேசிப் பழகாத நானும்தான். கொஞ்ச நாள் கத்தினார். பிறகு ஒரு தீபாவளி நேரம், ஆர்டர் குவிந்து கிடந்தபோது, “ஏம்மா, பச்சப் பொட்டுப் பூரானு எங்க போச்சு?” என்று அவர் வாயாலேயே கேட்டார். ஒருத்தியும் சிரிக்கவில்லை. எடுத்துக் கொடுத்தோம். வேலையை விட்டுத் துரத்தியவளின் வார்த்தை இல்லாமல் அவருக்கு ஒரு பெட்டி முடியவில்லை.

உன் வகுப்பில் பெயரும் நம்பரும் அழியாத பாகங்களை உன் கையில் கொடுக்கிறார்கள். சந்தேகம் வந்தால் டேட்டா புத்தகம் இருக்கிறது, பேராசிரியர் இருக்கிறார். கேட்டால் யாரும் உன்னிடம் சம்பந்தம் பேசப் போகிறாயா என்று கேட்பதில்லை. அது உன் அதிர்ஷ்டம், உன் திறமை இல்லை. செக் நாட்டுக்காரன் கரப்பான் என்றால் கற்பனை, சுப்புத்தாய் பூரான் என்றால் அறியாமை என்று உனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? நான் இல்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கால் உடைந்து கழித்துப் போட்ட பூரானையும் வடையையும் கொண்டுவந்து உனக்கு விளையாடக் கொடுத்தேன். அந்தப் பெயரைச் சொல்லித்தான் நீ இந்தப் படிப்புக்குள்ளேயே நுழைந்தாய். நாளைக்கு உனக்குக் கீழே ஆட்கள் வேலை செய்வார்கள். அவர்களுக்கு ஒன்று தெரியவில்லை என்று சொல்ல வாயெடுக்கும் முன்னால், அது தெரியாமல் பார்த்துக்கொண்டது யார் என்று ஒரு தடவை விசாரி. அதைச் செய்யாமல் நீ எத்தனை மொழியில் பெயர் சேகரித்தாலும் எனக்கு அது படிப்பாகத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் சுந்தரபாண்டியம் போனேன். அப்பா, ‘சின்னப் பையன், விடு’ என்றார். விடவில்லை. சுப்புத்தாய் ஆட்டுக்குட்டிக்கு அகத்திக்குழை கட்டிக்கொண்டிருந்தாள். முன்பைவிட இளைத்திருக்கிறாள், வாய் இளைக்கவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன், படத்தையும் கேள்விக்குறியையும்கூட. அவள் முதலில் கேட்டது, “எதுக்கு ஜாஸ்தி சிரிச்சாக?”

“பல்லிக்கு” என்றேன்.

“சிரிக்கட்டும். சிரிக்கணும்னுதான வச்சது. அன்னைக்கு நாம எம்புட்டுச் சிரிச்சோம்!” என்றாள். குழையைக் கட்டி முடித்தாள். பிறகு நிமிர்ந்து, “ஆனா நாம மொதலாளியப் பாத்துச் சிரிச்சோம். ஒம் மகன் யாரப் பாத்துச் சிரிக்க வைக்கான்?” என்றாள்.

இதற்குப் பதில் நீ சொல்ல வேண்டியது. அந்தப் பெயர்களை எடுத்துவிடச் சொல்லவில்லை, ஐந்தையும் சொல், சிரிக்கவும் வை. ஆனால் முதலில் நம்பரை அழித்த கதையைச் சொல், அழிக்க வைத்தது யார், அழித்தது யார், எதற்காக என்று. வைத்தவள் சுப்புத்தாய் என்று பெயரைச் சொல். அந்தக் கேள்விக்குறியை எடு. வரையத் தெரிந்தால் அவள் கையில் ஒரு உப்புத்தாளை வரை. இதற்கெல்லாம் நேரம் போதாது என்றால் குதிரையைக் குறைத்துக்கொள்.

நான் கிளம்பும்போது சுப்புத்தாய் வாசல் வரை வந்தாள். “கூட்டத்துக்கு நானும் வாரேன்னு எழுது. எம் மககிட்டச் சொல்லி முன் வரிசையில எடம் போடச் சொல்லுதேன். ஒம் மகன் சரியாச் சொன்னா நாந்தான் மொதல்ல கை தட்டுவேன். இல்லேன்னா அங்கனயே எந்திரிச்சு நானே சொல்லிருவேன்னு எழுது.”

எழுதிவிட்டேன்.

அம்மா